வாசலிலிருந்து கடைத்தெருவுக்கு: அரைப்புக் கருவிகளும் பழுதுபார்த்தலின் இடமாற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

பழுதுற்ற வீட்டுக் கருவியைச் செப்பனிடுவதா, விட்டுவிட்டுப் புதியது வாங்குவதா என்னும் முடிவு பெரும்பாலும் விலைக்கணக்காகவே பேசப்படுகிறது. அம்மி, ஆட்டுக்கல், கிரைண்டர், மிக்சி என்னும் அரைப்புக் கருவிகளின் வரலாற்றை எடுத்துக்கொண்டு, அம்முடிவு பழுதுபார்க்கும் இடத்தோடும், பழுதைக் கண்டறியும் உரிமையோடும் பிணைந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. வேலை வீட்டு வாசலிலிருந்து கடைத்தெருவுக்கும், அங்கிருந்து நிறுவனச் சேவை மையத்துக்கும் நகர்ந்தபோது, அரைப்பவளிடமிருந்த தீர்ப்பு அவள் கையைவிட்டு நழுவியது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: அம்மி, ஆட்டுக்கல், கிரைண்டர், மிக்சி, பழுதுபார்த்தல், புழங்குபொருள் பண்பாடு, மின்னணுக் கழிவு

முன்னுரை

தமிழில் 'ரிப்பேர்' என்னும் சொல்லுக்கு நேர்ந்த பொருள்மாற்றம் கவனத்துக்குரியது. ஆங்கிலத்தில் சீர்செய்தலைக் குறிக்கும் இச்சொல் தமிழ்ப் பேச்சுவழக்கில் சீர்கேட்டையே குறிக்கிறது. 'மிக்சி ரிப்பேர்' என்று ஒருவர் சொன்னால், அது செப்பனிடப்பட்டுவிட்டது என்று எவரும் கொள்வதில்லை. அது ஓடவில்லை என்றே கொள்வர். அதே சொல் 'ரிப்பேர் பார்க்க வேண்டும்' என்னுமிடத்தில் நோயிலிருந்து மருந்தாகிவிடுகிறது. இதனைக் கல்லாதார் பிழை என்று ஒதுக்கிவிட இயலாது. கெட்டுப்போதலும் அதனைச் சரிசெய்தலும் அடுத்தடுத்து நிகழ்வன, ஒன்றிருந்தால் மற்றொன்றும் உண்டு என்னும் எதிர்பார்ப்பு நிலவிய சமூகத்திலேதான் ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்தியிருக்க முடியும். பொருள் கெட்டவுடன் குப்பைக்குப் போவது வழக்கமாக இருந்திருப்பின் இவ்வாறு ஒரு சொல் இருவேலை செய்திருக்காது.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இருந்ததில்லை. 'பழுது' பழஞ்சொல். 'செப்பனிடுதல்' செம்மையாக்குதலைச் சுட்டும். கோயில் கல்வெட்டுகளில் வரும் 'புதுக்குப்புறம்' என்பது பழுதான கட்டடப் பகுதிகளைப் புதுப்பிப்பதற்கென்றே விடப்பட்ட நிலக்கொடையைக் குறிக்கும். அரபு மூலத்திலிருந்து ஆட்சிமொழி வழியாக வந்த 'மராமத்து' ஏரி, வாய்க்கால், அரசுக் கட்டடங்களோடு ஒட்டிக்கொண்டு 'குடிமராமத்து' எனத் தமிழாயிற்று. இச்சொற்களுள் பல பொதுச்சொத்தைச் சார்ந்தவை. கோயிலும் ஏரியும் ஆவணத்தில் ஏறின, அடுப்படி ஏறவில்லை. ஆகவே வீட்டுக் கருவியின் பழுதுவரலாற்றை எழுதுவோர் கல்வெட்டுச் சான்றைக் காட்டிலும் கருவியின் அமைப்பையும், தொழில் நடந்த முறையையும், வழக்குச் சொற்களையும் சான்றாகக் கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் அன்றாடத் தொழில்நுட்பம் பற்றி டேவிட் ஆர்னால்டு 2013இல் வெளியிட்ட நூல் தையல் எந்திரம், மிதிவண்டி, தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவற்றை மையமாகக் கொண்டது. வீட்டுக் கருவிகள் பெண்களின் உழைப்பைக் குறைத்தனவா என்னும் வினாவை அமெரிக்கச் சூழலில் ரூத் சுவார்ட்ஸ் கோவன் 1983இல் எழுப்பினார். ஆனால் வாங்கிய பொருள் வீட்டுக்குள் கெட்டுப்போகும் நாளிலிருந்து தொடங்கும் வரலாறு தமிழில் தனியாக ஆராயத்தக்கது. அரைப்புக் கருவிகள் இதற்கு மிகப் பொருத்தமானவை. வேலை ஒன்றே, கருவி மட்டும் கல்லிலிருந்து மோட்டாருக்கு மாறியது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இதைவிட வாய்ப்பான தொடர்ச்சி வேறு புழங்குபொருள்களில் அரிது.

உலைக்களமும் களத்துப் பங்கும்

பழுதுபார்த்தல் பற்றிய சங்க இலக்கியக் குறிப்புகளுள் இரண்டு இங்கு நினைக்கத்தக்கவை. ஒன்று குறுந்தொகை 172. கச்சிப்பேட்டு நன்னாகையார் பாடிய அச்செய்யுள், ஏழு ஊர்களின் பொதுவேலைக்காக ஓர் ஊரில் அமைந்த கொல்லன் உலைத்துருத்தியைத் தலைவியின் ஓயாத வருத்தத்துக்கு உவமையாக்குகிறது. உவமையின் நயம் ஒருபுறமிருக்க, அதன் அடியிலுள்ள பொருளியற் செய்தி நமக்கு வேண்டியது. உலை எல்லா ஊரிலும் இல்லை; ஓர் உலைக்கு ஏழு ஊர் வேலை குவிந்தது; துருத்திக்கு ஓய்வில்லை. உவமை கேட்போருக்கு உடனே விளங்க வேண்டுமாயின் இத்தகைய ஏற்பாடு அவர்கள் நன்கறிந்ததாக இருந்திருக்க வேண்டும்.

மற்றொன்று புறநானூறு 95. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் படைக்கொட்டிலில் அழகுபடுத்தி வைத்த கருவிகளையும், நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கும் அதியமானின் வேல்களையும் எதிரெதிரே நிறுத்துகிறார். புகழ்வதுபோல் பழித்தலுக்கு இச்செய்யுளை எடுத்துக்காட்டுவது உரைமரபு. பழுதை ஆராய்வோர்க்கு இதில் வேறொன்றும் புலப்படும். கொல்லன் பட்டறையில் கிடப்பது பொருளுக்கு இழிவன்று. பயன்பட்டதற்கு அது சான்று.

ஊர்த் தொழிலாளிக்கான கூலிமுறை பற்றிப் பிற்காலச் சான்றுகள் தெளிவாகவே உள்ளன. செங்கற்பட்டுச் சாகீரில் 1767 முதல் 1774 வரை தாமசு பர்னார்டு நடத்திய கணக்கெடுப்பின் ஆவணங்கள், ஊர் விளைச்சலிலிருந்து கொல்லன், தச்சன் உள்ளிட்ட பணியாளர்களுக்கு ஒதுக்கப்பட்ட பங்குகளைப் பதிவு செய்துள்ளன. மேரை, சுதந்திரம் என்னும் பெயர்களில் வழங்கிய இப்பங்குகள் களத்து மேட்டிலேயே பிரிக்கப்பட்டன. இம்முறையில் கலப்பைக் கொழு தேய்ந்தால் அதனைத் தீட்டித் தருவதற்குத் தனிக்கூலி பேச வேண்டியதில்லை. ஆண்டுப் பங்கிலேயே அது அடங்கும். அப்படியாயின், 'சரிசெய்யச் செலவாகும் தொகை புதியதன் விலையில் எவ்வளவு' என்ற கேள்வி அங்கே எழுவதற்கே இடமில்லை. இன்று இயல்பானதாகத் தோன்றும் அந்தக் கணக்கு, ஒவ்வொரு பழுதுக்கும் தனி விலை ஏற்பட்ட பின்னர் வந்தது.

எனினும், பழந்தமிழ்ச் சமூகம் எதையும் தூக்கியெறியாத சமூகம் என்று பொதுமைப்படுத்துவது தவறு. மண்பானை விரிசல் விட்டால் சமையலுக்கு ஆகாது. பொங்கலுக்குப் புதுப்பானை வைக்கும் வழக்கம், மாற்றுவதற்கும் நாட்காட்டியில் ஓரிடம் இருந்ததைக் காட்டும். எதைச் செப்பனிடலாம், எதை மாற்ற வேண்டும் என்பதைப் பொருளின் இயல்பும் ஊரின் வழக்கமும் முன்கூட்டியே தீர்த்து வைத்திருந்தன. வீட்டார் தனியே அமர்ந்து முடிவெடுக்க வேண்டிய சிக்கலாக அது இருக்கவில்லை.

அம்மி கொத்துதல்

அம்மியும் ஆட்டுக்கல்லும் களத்துப் பங்கின் எல்லைக்கு வெளியே நின்றவை. அவற்றைச் சீர்செய்தவர் ஊர்ப் பணியாளர் அல்லர். தெருத்தெருவாக வந்து போனவர். 'அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ' என்னும் குரல் தமிழகச் சிற்றூர்களிலும் நகரத் தெருக்களிலும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை ஒலித்தது. ஒரு சிறு சுத்தியலும் இரண்டு மூன்று உளிகளும் அவர்களது கருவிகள். கூலி காசாகவும் தானியமாகவும் பெறப்பட்டது.

கல் எவ்வாறு பழுதுறுகிறது என்பதை விளங்கிக்கொள்ளாமல் இத்தொழிலை விளங்கிக்கொள்ள இயலாது. அரைப்பது கல்லின் எடை மட்டுமன்று; அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய பள்ளங்களும் முனைகளுமே பொருளைப் பற்றிக் கிழிக்கின்றன. நாள்தோறும் குழவி உருள உருள அம்முனைகள் மழுங்கிக் கல் வழவழப்பாகிவிடும். அப்போது மிளகாய் நழுவும். உளுந்து அரைபட நெடுநேரமாகும். கல் உடையவில்லை, குறைந்தும் போகவில்லை, ஆயினும் பழுது. உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தி முனைகளை மீண்டும் எழுப்புவதே இதற்குப் பரிகாரம். கொத்திய பின் தவிடோ அரிசியோ போட்டு அரைத்துக் கொட்டிவிட்டு, கல்துகள் போன பிறகே சமையலுக்கு அரைப்பர். ஒவ்வொரு கொத்தலிலும் கல் அணுவளவே குறைவதால், ஒரு தலைமுறை வாங்கிய அம்மி அடுத்த தலைமுறைக்கும் போதும். திருமணச் சடங்கில் அம்மி மிதிக்கும் வழக்கம் அக்கல்லின் நிலைபேற்றை முன்னிட்டது என்பர். அன்றாட வாழ்வில் அந்நிலைபேற்றைக் காத்தது உளிதான்.

இங்கு இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்ல வேண்டும். முதலாவது, பழுதை முதலில் அறிந்தவள் அரைப்பவளே. மாவின் நெகிழ்ச்சி விரலுக்குத் தெரியும்; அரைக்க ஆகும் நேரம் தோளுக்குத் தெரியும்; மாவு பொங்கவில்லை என்பது மறுநாள் காலை தெரியும். கொத்துபவர் வந்து சொல்லி அவள் அறிந்ததில்லை. அவள் அறிந்திருந்ததால் அவரைக் கூப்பிட்டாள். இரண்டாவது, வேலை வாசலிலோ கொல்லையிலோ அவள் கண்ணெதிரே நடந்தது. ஆட்டுக்கல் பல வீடுகளில் தரையில் பதிக்கப்பட்டிருந்தது. அதைப் பெயர்த்துக்கொண்டு போக வழியில்லை. ஆதலால் பழுதுபார்ப்பவர்தான் பொருளைத் தேடி வர வேண்டும். கொத்து ஆழமாயிற்றா, ஓரத்தில் விட்டுப்போயிற்றா என்பதை விரலால் தடவிப் பார்த்து, குறை இருந்தால் மறுபடி கொத்தச் சொல்லும் அதிகாரம் அவளுக்கு இருந்தது. கூலியும் பெரும்பாலும் அவள் முறத்திலிருந்தே போயிற்று.

இதனைப் பொற்காலமாகச் சித்திரிப்பது நம் நோக்கமன்று. ஆட்டுக்கல் முன் நாள்தோறும் குந்தியிருந்த உழைப்பு கடுமையானது. வசதியுள்ள வீடுகளில் அதனைச் செய்தவர்கள் கூலிக்கு வந்த பெண்கள். கல்லின் பழுதை அறிந்தவர்களும் அவர்களே. கொத்தச் சொல்லும் உரிமை மட்டும் வீட்டுக்காரியிடம் இருந்தது. பழுதை உணர்பவரும் தீர்மானிப்பவரும் பிரிவது எந்திரத்தோடு தொடங்கியதன்று.

உலோகத்தின் எடை

பித்தளை, வெண்கலப் பாத்திரங்கள் வேறொரு நெறியில் இயங்கின. உட்புறம் ஈயம் தேய்ந்தால் ஈயம் பூசுவோர் தெருவிலேயே துருத்தி அடுப்பு மூட்டிப் பூசித் தந்தனர். ஓட்டை விழுந்தால் பற்றவைத்து அடைத்தனர். அதற்கும் மீறிப் போனால் பாத்திரக் கடையில் எடைபோட்டுக் கழிவு நீக்கிப் புதியதற்கு ஈடாகக் கொடுத்தனர். உலோகத்தின் மதிப்பு பாத்திரத்தின் மதிப்பில் பெரும்பகுதியாக இருந்ததால், மாற்றுவதிலும் இழப்பு சிறிதே. தராசு அங்கே நடுவர். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தந்த தள்ளுவண்டிக்காரர்கூட எடையைத்தான் பார்த்தார். குழந்தைகளுக்கு அந்த எடை எப்போதும் குறைவாகவே பட்டது என்பது வேறு.

மோட்டார் அடுப்படிக்குள்

மின்சாரத்தால் மாவாட்டும் கருவி கோயம்புத்தூரில் உருவானது தற்செயலன்று. 1932இல் பைகாரா நீர்மின் திட்டம் செயற்படத் தொடங்கியபின் அப்பகுதியில் பஞ்சாலைகளும் பாசன மின்னிறைப்பிகளும் பெருகின. 1937இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் தயாரித்தனர். வார்ப்படப் பட்டறைகள், காயில் கட்டுவோர், கடைசல் வேலையாளர் என ஒரு தொழிற்சூழல் அங்கே அமைந்துவிட்டது. அருகிலுள்ள ஊத்துக்குளிப் பகுதியில் தகுந்த கல்லும் கிடைத்தது. 1955இல் பி. சபாபதி என்பார் முதல் கிரைண்டரை உருவாக்கினார் என்பது வழங்கிவரும் செய்தி. பின்னாளில் கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடும் பெற்றது.

கிரைண்டரின் அமைப்பில் ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்ந்தது. ஆட்டுக்கல்லில் உரல் நிற்கும், குழவி சுழலும். கிரைண்டரிலோ பாத்திரம் சுழல்கிறது, குழவி ஓரிடத்தில் நிற்கிறது. அதனால் தேய்மானமும் இடம்மாறியது. கல் மழுங்குவது பழையபடியே இருந்தது. அதனோடு பெல்ட் தளர்தல், பேரிங் தேய்தல், கெப்பாசிட்டர் போதல், மோட்டார் காயில் எரிதல் ஆகியனவும் சேர்ந்தன. ஒரே கருவிக்கு இருவகைப் பழுது, இருவகைத் தொழிலாளி. கிரைண்டர் கல்லைக் கொத்துவதற்கு உளிக்காரரும், மோட்டாருக்கு மெக்கானிக்கும் வேண்டியிருந்தனர். தொடக்ககாலக் கிரைண்டர் கனமானது. எளிதில் தூக்க இயலாது. எனவே மெக்கானிக் வீட்டுக்கு வந்தார். அடுப்படியில் முழங்காலிட்டு மோட்டாரைக் கழற்றும்போது வீட்டுப் பெண் அருகில் நின்று 'நேற்றிலிருந்தே சத்தம் மாறியது' என்று சொல்ல முடிந்தது. வாசலின் மரபு இவ்வாறு சிறிது காலம் நீடித்தது. இலேசான மேசைமேல் கிரைண்டர் பரவியபின் அதுவும் ஸ்கூட்டரின் முன்புறத்தில் ஏறிக் கடைக்குப் போயிற்று.

ஒரு பழுதிலிருந்து பிறந்த மிக்சி

மிக்சியின் இந்திய வரலாறு ஒரு பழுதிலிருந்து தொடங்குகிறது என்பது இவ்வாய்வுக்கு மிகவும் வேண்டிய செய்தி. பரவலாகச் சொல்லப்படும் அவ்வரலாறு இது: 1960களின் தொடக்கத்தில் மும்பையில் மாதுரி மாத்தூர் என்பவர் பயன்படுத்திய ஜெர்மானியத் தயாரிப்பான மிக்சி நின்றுபோயிற்று. அதனைச் செப்பனிட இந்தியாவில் வசதி கிடைக்கவில்லை. சீமென்சு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த அவர் கணவர் சத்யபிரகாஷ் மாத்தூர், நம் சமையலுக்குத் தாங்கும் கருவியைத் தாமே வடிவமைக்க முற்பட்டார். 1963இல் நிறுவனம் தொடங்கப்பட்டு, 'சுமீத்' என்னும் பெயரில் மிக்சி வெளிவந்தது.

இதனை ஒரு குடும்பத்தின் வெற்றிக் கதையாகச் சொல்லிச் செல்வது வழக்கம். பழுதின் வரலாற்றில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஐரோப்பியக் கருவி பழச்சாறு, பால், வெந்த காய் ஆகியவற்றைக் கலக்குவதற்கானது. காய்ந்த மிளகாய், விரலி மஞ்சள், ஊறிய அரிசி, தேங்காய் ஆகியவற்றை நெடுநேரம் அரைக்கும்போது அதன் மோட்டார் சூடேறியது. அது குறைபாடுள்ள எந்திரம் அன்று; வேறொரு அடுப்படிக்கான எந்திரம். பழுதுபார்க்க ஆளில்லை, உதிரிபாகமில்லை என்னும் நிலையில், புதிதாக அதையே வாங்குவதும் பயன் தராது. செப்பனிடுவதா மாற்றுவதா என்ற கேள்விக்கு மூன்றாவது விடையாகக் கருவியின் வடிவமே மாறியது. பழுதை அறிந்தவள் அரைப்பவள், அதற்கு விடை தந்தவர் அதே வீட்டிலிருந்த பொறியாளர் என்பதால் இது இயன்றது. வாசலின் பழைய உறவு கடைசியாக ஒருமுறை தொழிற்சாலைக்குள் புகுந்த நிகழ்வாக இதனைக் கொள்ளலாம்.

சுமீத் பெயரைத் தாங்கிய வடிவம் பிற தயாரிப்பாளர்களுக்கும் முன்மாதிரியாயிற்று. இன்றும் உதிரிபாக வணிகத்தில் 'சுமீத் டைப்' மோட்டார் என்பது ஓர் அளவின் பெயராகவே வழங்குகிறது. ஒரு வணிகப்பெயர் பொதுப்பெயராவது புதிதன்று. அது உதிரிபாகத்தின் பெயராக நின்றுவிட்டது என்பதில்தான் பழுதுபார்ப்போர் சமூகத்தின் பங்கு இருக்கிறது. ஒரே அளவு பல கருவிகளுக்குப் பொருந்தியதால், சிறுநகரக் கடைக்காரரும் இருப்பு வைக்க முடிந்தது. 1978இல் சென்னையில் தொடங்கிய 'பிரீத்தி' போன்ற பெயர்கள் வந்தபின் மிக்சி நடுத்தரக் குடும்பங்களில் இன்றியமையாததாயிற்று. அதே காலப்பகுதியில் மிக்சி பழுதுபார்க்கும் கடையும் தமிழகக் கடைத்தெருவின் நிலையான உறுப்பாயிற்று.

பாகம் மாற்றுதல்

மிக்சியின் உள்ளமைப்பு பழுதை எதிர்பார்த்தே அமைந்தது. மோட்டாரையும் சாடியின் கத்தியையும் இணைக்கும் கப்ளர் வலுக்குறைந்த பொருளால் செய்யப்படுகிறது. கத்தி எங்கேனும் சிக்கி நின்றால் கப்ளர் உடைந்து மோட்டாரைக் காக்கும். அடிப்பக்கத்திலுள்ள சிவப்புப் பொத்தான் மின்னோட்டம் மிகும்போது இணைப்பைத் துண்டிக்கும். கார்பன் பிரஷ் தேய்ந்து போவதற்கென்றே வைக்கப்பட்டது. சாடியின் புஷ், வாஷர் ஆகியனவும் அவ்வாறே. விலை குறைந்த பாகம் தன்னைக் கொடுத்து விலை மிகுந்த பாகத்தைக் காப்பது என்னும் இவ்வேற்பாட்டில், பழுதுபார்ப்பவர் ஒருவர் எங்கோ இருப்பார் என்ற நம்பிக்கை அடங்கியிருக்கிறது.

கடைக்காரரின் உயர்ந்த கலை காயில் கட்டுதல். எரிந்த கம்பியை வெட்டியெடுத்து, சுற்றுகளை எண்ணி, அதே தடிமனுள்ள எனாமல் பூசிய செம்புக் கம்பியை அதே திசையில் சுற்றி, காப்புத்தாள் செருகி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பர். எண்ணிக்கை தவறினால் மோட்டார் சூடேறும் அல்லது வலுவிழக்கும். எரிந்த செம்பு எடைக்குப் போகும். பித்தளைக் காலத்துத் தராசு இங்கே மூலையில் தொடர்ந்தது. பாசன மோட்டாருக்குக் காயில் கட்டிய அதே கைகளே பல ஊர்களில் மிக்சிக்கும் கட்டின என்பது இத்தொழிலின் வேரைக் காட்டும்.

தொழிற்சாலையில் எந்திரத்தால் சுற்றப்பட்ட ஆர்மேச்சரின் விலை, கையால் சுற்றும் கூலியை நெருங்கியபோது நிலைமை மாறியது. சில மணிநேர உழைப்புக்குப் பதில் புதிய ஆர்மேச்சரைப் பொருத்துவது கடைக்காரருக்கும் எளிது, உத்தரவாதமும் தரலாம். அவ்வாறாக, செப்பனிடுவதா மாற்றுவதா என்னும் கேள்வி வீட்டாரை அடைவதற்கு முன்பே கடையின் மேசைமீது தீர்ந்துவிட்டது. வீட்டார் 'ரிப்பேர்' என்று நினைத்தது, உண்மையில் பாகத்தை மாற்றுதலாக இருந்தது. பழுதுபார்த்தலுக்கும் மாற்றுதலுக்கும் இடையிலான கோடு கருவிக்கு வெளியே இருந்து உள்ளே நகர்ந்தது. இதனைக் கவனியாமல், 'முன்பெல்லாம் பழுதுபார்த்தார்கள், இப்போது மாற்றுகிறார்கள்' என்று கூறுவது வரலாற்றை மிகையாக எளிமைப்படுத்துவதாகும். இன்னும் பழுதுபார்க்கிறார்கள், பழுதுபார்த்தல் என்பதன் பொருள்தான் மாறிவிட்டது.

கடைத்தெருவில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. மிக்சியைப் பையில் போட்டுக் கொண்டுசென்றவர் பெரும்பாலும் வீட்டு ஆண். 'என்ன பழுது' என்று கடைக்காரர் கேட்டால் 'ஓடவில்லை' என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியாது. முந்திய நாள் தேங்காய் அரைக்கும்போது வந்த வாசனையும், மூன்று வாரமாகக் கேட்ட உரசலும் அடுப்படியிலேயே நின்றுவிட்டன. அவற்றைக் கொண்டு கப்ளரா, பேரிங்கா, காயிலா என்று பிரித்தறிந்திருக்கலாம். கடைக்காரர் சொன்ன தொகையைக் கேட்டு, 'இதற்குப் புதியதே வாங்கிவிடலாம்' என்று முடிவெடுப்பவரும் அந்த ஆண்தான். அம்மி கொத்தியவரோடு பேரம் பேசியவள் இப்போது முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்பவள் ஆனாள்.

நிறுவனச் சேவை மையம் இதனை இன்னொரு படி நகர்த்தியது. ஒவ்வொரு தயாரிப்பும் தனக்கெனக் கப்ளரும் சாடிப் பூட்டும் கொண்டபோது, பொது அளவுகளை நம்பியிருந்த சிறுகடைக்காரரின் இருப்பு பயனற்றுப்போயிற்று. உத்தரவாதக் காலத்தில் வேறெங்கும் திறந்தால் உத்தரவாதம் போகும் என்னும் நிபந்தனை, பொருளைத் திறந்து பார்க்கும் உரிமையை உரிமையாளரிடமிருந்தே விலக்கியது. மேலைநாட்டு ஆய்வுகளில் இதனைத் 'திட்டமிட்ட வழக்கொழிவு' என்று விளக்குவர். மின்குமிழின் ஆயுளை ஆயிரம் மணிநேரத்துக்குள் அடக்க 1924இல் செனீவாவில் உருவான ஃபீபஸ் கூட்டமைப்பும், 1932இல் பெர்னார்டு லண்டன் எழுதிய சிறுநூலும், 1960இல் வான்ஸ் பேக்கார்டு எழுதிய நூலும் இதற்குத் தவறாமல் மேற்கோளாகும். தமிழ்க் கட்டுரைகளும் இம்மூன்றையும் அப்படியே எடுத்துரைப்பதுண்டு. ஆயினும் மிக்சியின் வரலாற்றுக்கு இவ்விளக்கம் முழுதும் பொருந்தாது. விரைவில் கெட வேண்டும் என்று செய்யப்பட்டதைக் காட்டிலும், கெட்டபின் அண்டைக் கடையில் திறக்க இயலாதபடி ஆனதே இங்கு விளைவை உண்டாக்கியது.

எடைபோடாத பரிமாற்றம்

ஆடித் தள்ளுபடி, தீபாவளி விற்பனைக் காலங்களில் 'பழையதைக் கொடுத்துப் புதியதைப் பெறுக' என்னும் அறிவிப்பு பித்தளைக் கடையின் பழைய வழக்கத்தை நினைவூட்டுவது. ஆனால் ஒற்றுமை பெயரளவே. பித்தளை எடைபோடப்பட்டது. மிக்சியோ எடைபோடப்படுவதுமில்லை, திறக்கப்படுவதுமில்லை. ஓடுகிறதா என்று பார்ப்பதுமில்லை. நிலையான ஒரு தொகை கழிக்கப்படும். ஓடும் மிக்சிக்கும் ஓடாத மிக்சிக்கும் ஒரே மதிப்பாயின், ஓடாததைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்யும் செலவு வீணாகிறது. பழுதின் அளவு என்ற ஒன்றே இங்குப் பொருளற்றுப் போகிறது.

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தமிழக அரசு தொடங்கிவைத்த விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் இவ்வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது. ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான குடும்பங்களை நோக்கிய அத்திட்டம், அதுவரை ஆட்டுக்கல்லில் அரைத்தவர்களின் அடுப்படிக்கு மோட்டாரை நேரடியாகக் கொண்டுசென்றது. அவ்வுழைப்பு நீங்கியதன் மதிப்பைக் குறைத்துப் பேசுவோர் ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்தவர்களாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் பழுதின் கணக்கில் ஒரு புதிர் எழுந்தது. செப்பனிடும் செலவை எதனோடு ஒப்பிடுவது? வாங்கிய விலை என்று ஒன்றில்லை. மீண்டும் ஒன்று விலையின்றிக் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. கடை விலையோடு ஒப்பிட்டால் செப்பனிடுவதே தகும். கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் எந்தச் செலவும் மிகையே. பரணில் ஏறிய பல மிக்சிகளை இவ்விரண்டு கணக்குகளுக்கும் இடையில் நின்றவையாகக் கொள்ளலாம். ஆட்டுக்கல் அதற்குள் வாசற்படிக்கோ செடிக்கோ போய்விட்டிருந்தது; கொத்துபவரின் குரலும் நின்றுவிட்டது. எனவே மிக்சி நின்றபோது திரும்பிச் செல்ல முந்திய கருவியும் இல்லை.

சட்டத்தின் பட்டியலில்

மின்னணுக் கழிவு விதிகள் இந்தியாவில் அறிவிக்கப்பட்டதும் அதே 2011ஆம் ஆண்டில்தான். 2012 மே 1 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. வீட்டுக் கருவிகளுள் தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, துணிதுவைக்கும் எந்திரம், குளிரூட்டி ஆகியன அப்பட்டியலில் இருந்தன. மிக்சியும் கிரைண்டரும் இல்லை. அரசே கோடிக்கணக்கில் வழங்கத் தொடங்கிய பொருள்கள் அரசின் கழிவுப் பட்டியலுக்கு வெளியே நின்றன. 2022இல் வெளியான புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் செயற்பட்டபோதே பட்டியல் 106 வகைகளாக விரிந்து, சிறு வீட்டுக் கருவிகளையும் உள்ளடக்கியது. பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 சூலையில் ஒரு குழு அமைத்தது. அவ்வாண்டு திசம்பரில் அதற்கென இணையதளமும் தொடங்கப்பட்டது. வேளாண் கருவிகள், கைப்பேசி உள்ளிட்ட மின்னணுப் பொருள்கள், வீட்டுக் கருவிகள், வாகனங்கள் என நான்கு துறைகள் முதலில் கொள்ளப்பட்டன. கையேடு, உதிரிபாகம், சேவை மையம் ஆகியன பற்றிய செய்திகளை நிறுவனங்கள் வெளிப்படையாகத் தர வேண்டும் என்பது இதன் அடிப்படை.

இம்முயற்சி திறந்து பார்க்கும் உரிமையை மீட்க உதவக்கூடும். எனினும் அதன் மொழியில் இருவரே உள்ளனர்: நுகர்வோர், நிறுவனம். 2022ஆம் ஆண்டின் கழிவு விதிகளும் உற்பத்தி செய்பவர், சந்தைப்படுத்தும் தயாரிப்பாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் என நால்வரைப் பதிவுக்கு உட்படுத்துகின்றன. இணையவழிப் பதிவையும் காலமுறை அறிக்கையையும் கோரும் இவ்வகைப்பாடு நிறுவன அளவில் இயங்குவோரை மனத்தில் கொண்டது. ஒற்றை அறையில், ஒரு சுற்றும் பொறியும் சில கப்ளர் பெட்டிகளும் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளரின் மிக்சியைச் சரிசெய்து அவரிடமே திருப்பித் தரும் கடைத்தெருக்காரர் இந்நால்வருள் எவராகவும் எளிதில் அடையாளம் காணப்படமாட்டார். பர்னார்டு கணக்கெடுப்பின் ஆவணங்களில் கொல்லனுக்குத் தனிப் பங்கு எழுதப்பட்டிருந்தது. அவ்வாவணங்களிலும் அரைப்பவளுக்கு இடமில்லை. இன்றைய படிவங்களில் 'நுகர்வோர்' என்னும் கட்டத்தில் எழுதப்படும் பெயர், பெரும்பாலும் விலைச்சீட்டில் உள்ள பெயரே.